கேளுங்க, பேசுவோம்: ஓ.டி, ஷிப்ட், வீடு

போன இதழ்ல பி.எஃப் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல பி.எஃப்பே இல்ல, எல்லாம் வேலை நேரம் பத்திதான். எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடின்னு நம்ம பக்கத்து ஆளுங்கதான் நிறைய. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே விட்டுட்டேன். பேர் போடாதீங்கக்கான்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, போடல.

அக்கா வணக்கம். மணலி பக்கத்துல ஒரு சின்ன கம்பெனில சி.என்.சி ஆப்பரேட்டரா இருக்கேன், மூணு வருஷம் ஆச்சு. காலைல 8 மணிக்கு உள்ள போனா நைட்டு 8 மணிக்குத்தான் வெளிய வர்றேன், மாசத்துல பாதி நாள் இப்படித்தான். ரிலீவர், அதான் அடுத்த ஷிப்டுக்கு மாத்த வர்ற ஆள், வரலைன்னா அதுக்கு மேலயும் நிக்கணும். சம்பளம் 15,600. ஓ.டிக்கு மணிக்கு 75 ரூபா கணக்குப் போட்டு தனியா வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கறாங்க. டபுள் இல்லையான்னு கேட்டா, "இப்போ 12 மணி நேர சட்டம் வந்துருச்சு, டபுள்லாம் கிடையாது"ன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. உண்மையாக்கா?
(திருவொற்றியூர்)

இல்ல தம்பி, உண்மை இல்ல. அவர் சொல்ற சட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதே பேச்சை வெச்சு நிறைய பேரை வாயடைச்சிருக்காங்க. 2023 ஏப்ரல் 21ந் தேதி நம்ம சட்டசபையில ஒரு திருத்த மசோதா நிறைவேத்தினாங்க, ஃபேக்டரில ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கிக்க வழி பண்ற மாதிரி. கூட்டணிக் கட்சிங்களே எதிர்த்து வெளிநடப்பு பண்ணாங்க, சங்கங்கள் எல்லாம் கொதிச்சுப் போச்சு, மூணே நாள்ல நிறுத்தி வைக்கறோம்னு அறிவிப்பு வந்துச்சு, மே 1ந் தேதி அன்னிக்கு வாபஸ்னு முதலமைச்சரே சொல்லிட்டார். அதோட அது முடிஞ்ச கதை.

அப்புறம் 2025 நவம்பர் 21லேர்ந்து மத்திய அரசோட நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துச்சு, 1948 ஃபேக்டரி சட்டம் அதுக்குள்ள அடங்கிப் போச்சு. அதுலயும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், வாரத்துக்கு 48தான், அதுக்கு மேல வேலை வாங்கணும்னா உன் சம்மதம் வேணும், குடுக்க வேண்டியது ரெண்டு மடங்கு. பழைய சட்டத்துலயும் டபுள், புதுசுலயும் டபுள். எந்தக் காலத்துலயும் சிங்கிள் ரேட்டுக்கு சட்டம் இருந்ததே இல்ல.

உன் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். 15,600ஐ 26 நாளால வகுத்தா நாளுக்கு 600, அதை 8ஆல வகுத்தா மணிக்கு 75. அதாவது அவங்க குடுக்கறது உன்னோட சாதாரண மணிக் கூலிதான், ஓ.டி ரேட்டே கிடையாது. ஓ.டி ரேட் 150. மாசம் 40 மணி நேரம் ஓ.டி பாக்கறேன்னு வெச்சுக்குவோம், உன் கைக்கு வர்றது 3,000, வர வேண்டியது 6,000. வருஷத்துக்கு 36,000 ரூபா, மூணு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். (உன் சம்பளம் மொத்தமும் பேசிக்கும் டி.ஏங்கற அகவிலைப்படியும்தான்னு வெச்சு போட்ட கணக்கு இது. வாடகைப்படி, போக்குவரத்துப்படின்னு பிரிச்சிருந்தா கொஞ்சம் மாறும், ஆனா அந்த மாதிரி படியெல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினதை சம்பளத்தோட சேர்த்துத்தான் கணக்குப் போடணும்னு புதுத் தொகுப்பு சொல்லுது. சிலிப்பை எடுத்துப் பாரு.)

காசை விட எனக்கு பயம் அந்த வவுச்சர் மேலதான். வவுச்சர்னா ரெஜிஸ்டர்ல ஏறலன்னு அர்த்தம். ரெஜிஸ்டர்ல நீ நாலரைக்கே வீட்டுக்குப் போயிட்ட. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு, ஒரு பிரஸ் ஷாப்ல ராத்திரி ஏழே முக்காலுக்கு வலது கை ஆள்காட்டி விரல் போச்சு. நான் ஆஸ்பத்திரில பார்க்கும்போது கட்டு மேல ரத்தம் ஊறிக்கிட்டே இருந்துச்சு, அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடறாங்க. மறுநாள் விசாரிச்சா அந்த நேரத்துல அவன் டூட்டியிலயே இல்லன்னு எழுதியிருந்துச்சு. அவன்தான் உள்ள இருந்தான்னு நிரூபிக்கறதுக்கே பதினாலு மாசம் ஆச்சு. அதனால ஓ.டி காசு பே சிலிப்புல வரணும்னு நான் சொல்றது வெறும் பணத்துக்காக இல்ல, தம்பி. சிலிப்புல வந்தா அந்த நேரத்துல நீ உள்ள இருந்தேங்கறதுக்கு அதுவே ஆதாரம். 

இப்போ என்ன பண்றது? நாளைக்கே போய் சண்டை போடாதே. இன்னிலேர்ந்து எழுத ஆரம்பி. எங்க அப்பா பட்டறை வேலைக்குப் போனப்போ எங்க அம்மா தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்னாடி அப்பா எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார்னு எழுதி, கரண்டு பில்லு எல்லாம் குத்தி வெச்சிருப்பாங்களே அந்தக் கம்பில குத்தி வெச்சிடுவாங்க. அம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சாங்க. 'வரவு 9.40', 'வரவு 10.15', அவ்ளோதான் எழுதியிருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு பட்டறையை மூடும்போது கணக்கு முடிக்கற அன்னிக்கு, ஓ.டியே பெருசா இல்லன்னு முதலாளி சொன்னப்போ, அம்மா அந்தக் கம்பியை அப்படியே கூடையில வெச்சு எடுத்துட்டுப் போய் மேஜை மேல வெச்சாங்க. எல்லாம் வரல, ஆனா முக்கால்வாசி வந்துச்சு. உங்கிட்ட போன் இருக்கு, கேட்டுக்குள்ள நுழையும்போது ஒண்ணு, வெளிய வரும்போது ஒண்ணுன்னு போட்டோ எடுத்தாலே தேதி, நேரம் அதுல இருக்கும். வவுச்சர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதையும் ஒரு போட்டோ எடு.

மூணு மாசக் கணக்கு சேர்ந்ததும் தனியா போகாம கூட வேலை பாக்கறவங்க நாலு பேரா சேர்ந்து எழுத்துல கேளுங்க. தரலைன்னா தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துல புகார் குடுக்கலாம். கூலி பாக்கின்னு மனு போடறதுக்குப் புதுத் தொகுப்புல மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அதனால அவசரமும் வேணாம், தள்ளிப் போட்டுக்கிட்டே போறதும் வேணாம்.

எம்.சி. ரோடுல துணிக்கடைல வேலை பாக்கறேன்க்கா, 22 வயசு. காலைல 9.30க்கு போனா நைட்டு 9.30. தீபாவளி, பொங்கல் வந்தா 11 ஆயிடும். ஸ்டூல் இருக்கு, ஆனா உக்காந்தா கேமராவுல பாத்துட்டு மைக்லயே பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா கால் வீங்கி செருப்பு கழட்ட முடியல. இதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கா?
(காசிமேடு)

இருக்கும்மா. கடைக்கு வேற சட்டம், 1947ல வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48. ஓ.டியோட சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது, அந்த எக்ஸ்ட்ரா நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி. நடுவுல எவ்ளோ ரெஸ்ட் விட்டாலும் காலைல நீ உள்ள நுழைஞ்ச நேரத்துலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும் 12 மணி நேரத்துக்குள்ள முடியணும். உன்னோட சாதாரண நாளே அந்தக் கோட்டு மேல நிக்குது, தீபாவளி சீசன் கோட்டைத் தாண்டிடுது. கடை எவ்ளோ நேரம் வேணா திறந்திருக்கட்டும், அதுக்கு ரெண்டு செட் ஆள் வைக்கணும், ஒரே பொண்ணை நிக்க வைக்கக் கூடாது.

உக்கார்றதுக்கும் சட்டம் இருக்கு. 2021ல அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்தாங்க, கடைல வேலை பாக்கற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலை நடுவுல வாய்ப்புக் கிடைக்கும்போது உக்காரலாம், நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்க வைக்கக் கூடாதுன்னு. துணிக்கடை, நகைக்கடை பொண்ணுங்களை நினைச்சு கொண்டு வந்ததுதான் அது. ஸ்டூலை வாங்கிப் போட்டுட்டு உக்காந்தா மைக்ல கூப்பிடறது அந்தச் சட்டத்தை மதிக்கிறது ஆகாது. எனக்கு இதுல கோவம் அடங்கவே மாட்டேங்குது, ஏன்னா மாசமா இருக்கற பொண்ணுங்க, மாசாமாசம் அந்த மூணு நாள்ல வயித்து வலியோட நிக்கற பொண்ணுங்க, புடவையைப் பிரிச்சுப் போட்டு மடிச்சு மடிச்சு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட பாத்ரூம் போக முடியாதவங்கன்னு எத்தனை பேரை அந்த ரோடுல பார்த்திருக்கேன்.

தனியா போய் கேக்கறதுக்கு பதிலா செக்‌ஷன்ல இருக்கற எல்லாரும் சேர்ந்து ஃப்ளோர் மேனேஜர்கிட்ட கஸ்டமர் இல்லாத நேரத்துல மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம்னு சொல்லிப் பாருங்க. பல கடைல இது பேச்சுலயே முடிஞ்சிருக்கு. கேக்கலைன்னா தொழிலாளர் துறைல கடைகளைப் பாக்கற உதவி ஆய்வாளருக்கு எழுதலாம், பேர் வெளிய வரக் கூடாதுன்னு கேட்டுக்கோ. இன்னொண்ணு, 11 மணிக்கு முடிஞ்சா பஸ் கிடைக்காம ஆட்டோல போறேன்னு உன் கடிதத்துல கீழ எழுதியிருக்க. பொம்பளைப் பிள்ளைங்களை ராத்திரி நேரத்துல வேலைக்கு நிறுத்தணும்னா சம்மதம் வாங்கி, பாதுகாப்பா வீட்டுக்கு அனுப்பற ஏற்பாடும் அவங்கதான் பண்ணணும். ஆட்டோ காசு உன் ஓ.டியை முழுங்கக் கூடாது.

என்னோட டெசிக்னேஷன் அசிஸ்டன்ட் மேனேஜர். அதனால எனக்கு ஓ.டி கிடையாதுன்னு எச்.ஆர் சொல்றாங்க. நான் செய்யறது பில்லு போடறது, ஸ்டாக் எழுதறது மட்டும்தான்.
(பெரம்பூர்)

நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு கடைகள் சட்டத்துல விலக்கு உண்டு, அது சரி. ஆனா பேரை வெச்சு இல்ல, செய்யற வேலையை வெச்சுத்தான் கோர்ட்டு பார்க்கும். லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் இருக்கா, ஆளை எடுக்கற நிறுத்தற அதிகாரம் இருக்கான்னு பார்த்தா உங்களுக்கு ரெண்டும் இல்ல. அன்றாடம் என்னென்ன வேலை பாக்கறீங்கன்னு மெயில்ல பதிவாகற மாதிரி பார்த்துக்கோங்க சார்.

தண்டையார்பேட்டைலேர்ந்து சிறுசேரிக்குப் போறேன், ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம். வாரத்துல மூணு நாள் வீட்லேர்ந்து, ரெண்டு நாள் ஆபீஸ். ஃப்ளெக்ஸிபிள் டைமிங்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. ஆனா காலைல 9 மணிக்கு மெசேஜ் வந்தா பதில் போடணும், நைட்டு 9.30க்கு கிளையண்ட் கால், அது முடிஞ்சு 11 மணிக்கு லீட் போன் பண்ணுவாரு. எங்க வீடு ஒரே ஹால்தான், நான் கால்ல இருந்தா அப்பா டிவி சவுண்டை அணைச்சுட்டு படத்தை மட்டும் பார்ப்பாரு, அம்மா மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்காம வெயிட் பண்ணுவாங்க. எனக்கே குத்தமா இருக்கு. இதுதான் ஃப்ளெக்ஸிபிளா?
(தண்டையார்பேட்டை)

இல்லம்மா. உன் கம்பெனி நேரம் நீளுது, உன் வீட்டு நேரம் சுருங்குது, வளையறது ஒரு பக்கம் மட்டும்தான். நெகிழ்வு நேரம்னா ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்கிறது மாறாது, எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிக்கறோம்கிறதுதான் மாறும். நைட்டு 9.30 கால் இருக்கற நாள்ல காலைல 9 மணி உன் நேரம் இல்ல, மதியம் 1 மணிக்குத்தான் உன் நாள் ஆரம்பிக்குது. இதை வாயால கேக்காதே, மெயில்ல எழுது. சாதாரணமா, பணிவா, "கால் இருக்கற திங்கள், புதன் நான் 1 மணிக்கு லாகின் பண்றேன், மத்த நாள்ல காலைல 8லேர்ந்து மாலை 5 வரைக்கும் இருப்பேன், மதியம் 2லேர்ந்து 5 வரைக்கும் எல்லா நாளும் டீமுக்குக் கிடைப்பேன்" அப்படின்னு நீயே ஒரு டைம்டேபிள் போட்டு அனுப்பு. புகாரா போனா தள்ளி வைப்பாங்க, டைம்டேபிளா போனா பதில் சொல்லியே ஆகணும். சரின்னு ஒரு வார்த்தை வந்துட்டா 11 மணி போனுக்குக் காலைல பதில் சொல்றது உன் உரிமை.

ஆபீஸ் நாள் ரெண்டுக்கும் கூட இதே மாதிரி கேளு. பீக் அவர்ல நீ கிண்டி வரைக்கும் மெட்ரோல நின்னு, அங்கேர்ந்து ஓ.எம்.ஆர் டிராஃபிக்ல போறதும், 11 மணிக்கு மேல கிளம்பிப் போறதும் ஒண்ணு இல்ல. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில, அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துப் பொண்ணுங்க இன்னும் எவ்ளோ சீக்கிரம் எழுந்திரிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தா எனக்கு இப்பவும் மனசு கனக்குது. போக வர நாலு மணி நேரத்தை எந்தக் கம்பெனியும் வேலை நேரமா எழுதறதில்ல, ஆனா அது உன் வாழ்க்கைலேர்ந்துதான் போகுது.

ஐ.டிக்கு லேபர் சட்டமே கிடையாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, நம்பாதே. உங்க ஆபீஸும் அந்த 1947 கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குள்ள வர்றதுதான். வேலை முடிஞ்சப்புறம் மெசேஜுக்குப் பதில் போடாம இருக்கற உரிமைன்னு தனியா ஃபிரான்ஸ்ல 2017லேர்ந்து சட்டம் இருக்கு, ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்லேர்ந்து இருக்கு. இங்க பார்லிமென்ட்ல 2018ல தனிநபர் மசோதாவா ஒரு எம்.பி கொண்டு வந்தாங்க, சட்டமா ஆகல. ஆகணும்.

அப்புறம் அப்பா டிவி சவுண்டை அணைக்கறாரேன்னு உனக்குக் குத்தமா இருக்குன்னு எழுதியிருக்க. அந்தக் குத்தம் உன்னோடது இல்லம்மா, அதை நீ சுமக்காதே.

குழந்தைக்கு எட்டு மாசம் ஆச்சு, லீவு முடிஞ்சு திரும்பி வேலைக்கு வந்துட்டேன். பால் குடுக்க டைம் கேட்டா லஞ்ச் டைம்ல போயிட்டு வாங்கறாங்க.
(மாதவரம்)

லஞ்ச் வேற, இது வேற. குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக தினமும் ரெண்டு தடவை பாலூட்ட நேரம் விடணும், அது 1961 மகப்பேறு சட்டத்துலயே இருந்துச்சு, இப்போ அமலுக்கு வந்திருக்கற புதுத் தொகுப்புலயும் இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடம்னா குழந்தைகள் காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை நீ போய்ப் பார்த்துட்டு வரலாம், 2017 திருத்தத்துல 26 வாரம் லீவோட சேர்த்து வந்தது இது. வேலைத் தன்மைக்கு ஒத்து வந்தா லீவுக்கப்புறம் வீட்லேர்ந்து வேலை பாக்கறதையும் பேசி முடிவு பண்ணிக்கலாம்னு அதுலயே போட்டிருக்கு. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலியோட உக்காந்திருக்காதே, இன்னிக்கே எழுதிக் குடு.

காலேஜ்ல மே தினம் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. எட்டு மணி நேரத்துக்கும் நம்ம ஏரியாவுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்காக்கா?
(ராயபுரம்)

இருக்காவா, தம்பி! இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27ல பெரம்பூர்லதான் ஆரம்பிச்சுது. பின்னி மில்லு ஆளுங்க, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடுன்னு ரெண்டு பேர் முன்னாடி நின்னு கூட்டம் சேர்த்தாங்க, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட இருந்தார். அவங்க முதல்ல கேட்டது சம்பளம்னு நினைப்பே, சாப்பாட்டு நேரமும் அதுல ஒண்ணு. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவாங்க, அவ்ளோ பேர் கை கழுவி, இடம் பிடிச்சு, சாப்பிட்டு முடிச்சு சங்கு ஊதறதுக்குள்ள உள்ள போகணும், லேட்டானா கூலி போச்சு. அந்த அரை மணி நேரம் பத்தலன்னு கேட்டாங்க. உன் பேச்சை அங்கேர்ந்து ஆரம்பி, ஏன்னா இன்னிக்கும் சோத்துல கை வெச்சிருக்கும்போது சூப்பர்வைசர் வந்து நிக்கற இடம் நம்ம பக்கம் எத்தனையோ இருக்கு.

1923 மே 1ல இந்தியாவுலயே முதல் மே தினத்தைக் கொண்டாடினவர் சிங்காரவேலர், ஐகோர்ட்டு எதிர்ல பீச்சுல ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி பீச்சுல ஒரு கூட்டம். ராஜாஜி சாலைல கலெக்டர் ஆபீஸ் போறியே, அந்த மாளிகைக்கு அவர் பேர்தான் வெச்சிருக்காங்க. அப்புறம் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சில்ல தொழிலாளர் துறையைப் பார்த்தது 1942லேர்ந்து 1946 வரைக்கும், ஃபேக்டரில வாரத்துக்கு 54 மணி நேரம்னு இருந்ததை 48 ஆக்கின திருத்தம் அந்த 1946லதான் வந்துச்சு. இந்த மூணையும் சொன்னாலே பத்து நிமிஷம் பேசலாம்.

பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். எப்ப வேணா லாகின் எப்ப வேணா லாகவுட்னு சொன்னாங்க. ஆனா இன்சென்டிவ் வரணும்னா 13 மணி நேரம் ரோட்ல இருக்கணும். எனக்கு ஓ.டி வருமா?
(கொடுங்கையூர்)

இப்போதைக்கு வராது தம்பி, உன்னை அவங்க தொழிலாளின்னே எழுதறதில்ல, பார்ட்னர்னு எழுதறாங்க. எனக்கு இது நியாயமாவே படல. தமிழ்நாட்டுல உன்னை மாதிரி ஆப் மூலமா வேலை பாக்கற கிக் தொழிலாளர்களுக்குன்னு 2023ல தனி நல வாரியம் அமைச்சாங்க, முதல்ல அதுல பதிவு பண்ணு, விபத்துன்னா அங்கேர்ந்துதான் ஏதாவது வரும். 13 மணி நேரத்துக்கு வர்ற காசுல பெட்ரோல், வண்டி சர்வீஸ் கழிச்சு மணிக்கு எவ்ளோ நிக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாரு. பத்து மணி நேரத்துக்கு அப்புறம் வர்ற அந்த இன்சென்டிவ் உன் முதுகுக்குப் பத்துமான்னு அந்தக் கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணு. மழைல, தூக்கக் கலக்கத்துல மட்டும் ஓட்டாதே.

அக்கா, நான் மத்தவங்க மாதிரி இல்ல, எனக்கு ஓ.டி வேணும். எண்ணூர் பக்கம் யார்டுல வேலை. தண்டல் வாங்கியிருக்கேன், தங்கச்சி கல்யாணத்துக்கு. கேட்டு கேட்டு டபுள் டூட்டி பாக்கறேன், வாரத்துக்கு 70 மணி நேரம் வந்துரும். சம்சாரம் தினமும் சண்டை, "வூட்டுக்கு வந்து இன்னா பண்ற, படுத்துத் தூங்கத்தானே வர"ன்னு. பொண்ணுக்கு அஞ்சு வயசு. நான் எழுந்திரிக்கும்போதெல்லாம், "அப்பா இப்போ பகலா ராத்திரியா, நீ எதுக்குப் போற"ன்னு கேக்கும். யாருக்கும் புரிய வைக்க முடியல.
(வியாசர்பாடி)

உன் கடிதத்தை ரெண்டு நாள் பையிலயே வெச்சிட்டுச் சுத்தினேன் தம்பி, என்ன எழுதறதுன்னு தெரியாம. உன்னைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரல. தங்கச்சிக்காக வாங்கின கடன், ஓடி ஓடி அடைக்கற, உன் சம்சாரத்துக்கும் அது தெரியும். அவங்க சண்டை போடறது காசுக்காக இல்ல, நீ இல்லைங்கறதுக்காக.

ஒண்ணு மட்டும் உனக்குத் தெரியணும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35லேர்ந்து 40 மணி நேரம் பாக்கறவங்களை விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 பர்சென்ட் அதிகம், இதய நோயால சாகற ஆபத்து 17 பர்சென்ட் அதிகம்னு சொல்றாங்க. நீ 70ல இருக்க. பயமுறுத்த எழுதல, ஆனா நீ படுத்துட்டா தண்டல்காரன் உன் சம்சாரத்துகிட்டதான் வந்து நிப்பான்.

அதனால நேரத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி வட்டியைக் குறைக்கணும். தண்டல்ல முதல்லயே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்து நூறு நாள்ல முழுசா வசூல் பண்றானே, அதை வருஷ வட்டியா கணக்குப் போட்டா உனக்குத் தலை சுத்தும். கந்து வட்டிக்கு எதிரா 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, மிரட்டினா போலீஸ்ல குடுக்கலாம். ஆனா அந்த அளவுக்குப் போகறதுக்கு முன்னாடி உன் சம்சாரம் மகளிர் குழுவுல இருக்காங்களான்னு கேளு, குழுக் கடன்ல இல்ல கூட்டுறவு பேங்குல நகைக் கடன்ல இதை மாத்திட்டா வட்டி குறையும். உன் டபுள் டூட்டிக்கு டபுள் ரேட் வருதான்னும் நீ எழுதல. முதல் கடிதத்துக்கு நான் போட்ட கணக்கை உன் சிலிப்பை வெச்சுப் போட்டுப் பாரு, சிங்கிள் ரேட்னா நீ இப்போ பாக்கற ஓ.டில பாதி நேரத்துலயே இதே காசு உனக்கு வர வேண்டியது.

ஓ.டியை மொத்தமா விடுன்னு சொல்ல மாட்டேன். வாரத்துல ரெண்டு நாள், எந்த ரெண்டு நாள்னு முன்னாடியே இன்சார்ஜ்கிட்ட சொல்லிடு, மத்த நாள் ரிலீவர் வரலைன்னாலும் உன்னால முடியாதுன்னு அவருக்குத் தெரியட்டும். வாராந்திர லீவை விக்காதே. இந்த ஞாயித்துக்கிழமை உன் பொண்ணை மடியில உக்கார வெச்சு மாசக் காலண்டரை எடு, அப்பா வீட்ல இருக்கற நாளுக்கெல்லாம் அவளையே கலர் பென்சில்ல வட்டம் போடச் சொல்லு. எத்தனை வட்டம் வந்துச்சுன்னு அடுத்த மாசம் எனக்கு எழுது, நான் பார்த்துட்டே இருப்பேன்.